சிடிக்களைப் பங்கு வைத்தது

பிரிந்துவிடுவதென்று முடிவு செய்தபோது லோகநாயகியும் சண்முகநாதனும் சத்தம் போட்டுக்கொள்ளவில்லை. மகள் ஸ்வாதி கல்யாணமாகிக் கோயம்புத்தூருக்குப் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஒரு நாள் காலையில் லோகநாயகி பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி, வீட்டைப் பூட்டிவிட்டுப் படியிறங்கினாள். பின்னால் நின்ற சண்முகநாதன் வழக்கம்போலப் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான்.

"அத்தான், நாம தனித்தனியா இருந்துக்கிடலாமா?" என்று அவள் கேட்டாள்.

அவன் வேலைக்குப் போனான். சாயங்காலம் வந்து, சட்டையைக் கழற்றி மாட்டியபிறகு சொன்னான்.

"ரெண்டு தடவை யோசிச்சுப் பாத்துட்டேன். நீ சொல்லுதது சரின்னுதான் படுது."

சண்முகநாதன் அவளுக்கு அத்தை மகன். தென்காசிக்கு வெளியே ஒரு நூல் மில்லில் எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசர். லைனில் கரண்ட் இல்லை என்று ஒருவன் சொன்னாலும் தானே போய்ச் சோதித்துப் பார்த்த பிறகுதான் இன்னொருவனை ஏணியில் ஏற விடுவான். மில்லில் அதற்கு நல்ல பெயர். வீட்டிலும் அதையேதான் செய்தான். அவள் மூடிய கேஸை மறுபடி திருகிப் பார்ப்பான். உப்புப் போட்டாயிற்றா என்று கேட்பான், போட்டாயிற்று என்றாலும் கரண்டியில் எடுத்து நக்கிப் பார்ப்பான். அவள் திருத்திய பரீட்சைத் தாள்களின் மார்க்கைக் கூட்டிப் பார்ப்பான். சில தடவை தப்பு இருக்கவும் செய்தது. அதுதான் அவளுக்கு இன்னும் பொறுக்கவில்லை.

அவன் பக்கத்திலும் சொல்வதற்கு இருந்தது. லோகநாயகி எதையும் முக்காலில் விட்டுவிட்டு "போதும்" என்பாள். அவள் மாட்டிய படம் எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். இலஞ்சிப் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் எடுக்கிறவள், வீட்டுத் தொட்டியில் செடி காய்ந்தால் "காஞ்சா காயட்டும், வேற வைக்கலாம்" என்பாள். அவனால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது. வாளியை எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

தென்காசியில் வக்கீல் குமரகுரு இரண்டு பேருக்கும் தூரத்துச் சொந்தம். அவருக்கு வேலை சுலபமாக இருந்தது. அவர்கள் குடியிருந்த இலஞ்சி வீடு அவள் அம்மா வழியில் வந்தது, அது அவளுக்கு. குற்றாலத்தில் ஐந்தருவி ரோட்டில் சண்முகநாதன் கட்டிய சிறிய வீடு அவனுக்கு.

"சண்டை போடுததுக்கே ஒண்ணும் இல்லையே. பொதுவுல வேற எதும் கிடக்கா?" என்று அவர் கேட்டார்.

சண்முகநாதன் சொன்னான்.

"பாட்டு இருக்கு, அண்ணாச்சி."

கல்யாணமான புதிதில் திருநெல்வேலியில் ஒரு சிடி பிளேயர் வாங்கியதிலிருந்து ஆரம்பித்தது அது. தீபாவளிக்கு, போனஸுக்கு, ஊருக்குப் போன இடத்தில் என்று வாங்கி வாங்கி, ஹாலில் கண்ணாடி அலமாரி முழுக்க முந்நூறுக்கு மேல் ஆடியோ சிடிக்கள் சேர்ந்திருந்தன. முதலில் அவன் சினிமாப் பாட்டும் அவள் வீணையும் வாய்ப்பாட்டுமாக வாங்கினார்கள். போகப் போக அவன் வீணை வாங்கினான், அவள் சினிமாப் பாட்டு வாங்கினாள். எது யார் வாங்கியது என்று இப்போது இரண்டு பேராலும் சொல்ல முடியாது. பிளேயர் ரிப்பேராகி வருஷக் கணக்கில் கிடந்தது. ஆனாலும் அலமாரியை யாரும் காலி பண்ணவில்லை.

"ஆளுக்குப் பாதியா வச்சுக்கிடுங்க" என்றார் குமரகுரு.

"எந்தப் பாதி?" என்று லோகநாயகி கேட்டாள்.

"பாதி வேண்டாம்" என்றான் சண்முகநாதன்.

குமரகுரு சிரித்துவிட்டார். "கம்ப்யூட்டர்ல ஏத்திருங்கப்பா. ஏத்துனா ரெண்டு பேருக்கும் முழுசா ஆச்சுல்லா? டிஸ்க்கு யாருக்குன்னு பொறவு பாத்துக்கிடலாம்."

இரண்டு பேரும் ஒரு வருஷமாகவே ஒட்டாமல்தான் இருக்கிறார்கள் என்று எழுதித் தை மாதம் மனுப் போட்டார்கள். சம்மதத்தின் பேரில் பிரிகிறவர்களுக்குக் கொடுக்கிற ஆறு மாதத்தைக் கோர்ட் கொடுத்தது. அதற்குள் ஏற்றி முடித்துவிடலாம் என்று பேச்சு. சண்முகநாதன் துணிமணிகளை எடுத்துக்கொண்டு ஐந்தருவி ரோட்டு வீட்டுக்குப் போனான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பைக்கில் வந்தான். பையில் லேப்டாப்பும், சிடி போடுகிற தட்டு டிரைவ் ஒன்றும் இருந்தன. இப்போது வருகிற லேப்டாப்பில் சிடி போட இடம் கிடையாது என்பதால் அதைத் தனியாக வாங்கியிருந்தான். ஹாலில் சாப்பாட்டு மேஜையின் ஒரு ஓரத்தில் எல்லாவற்றையும் பரப்பினான். மெல்லிய துணியால் ஒரு டிஸ்க்கை நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைத்தான்.

"வட்டமாத் தொடைக்கப்பிடாது. கோடு விழுந்தா அது படிக்காது" என்றான், அவள் கேட்காமலேயே.

அவன் இறக்கி வைத்திருந்த சாஃப்ட்வேர் ஒரு தினுசானது. சாதாரணமாக ஏற்றுகிறவை டிஸ்க்கை ஒரு தடவை படிக்கும், கிடைத்ததை எழுதிவிட்டுப் போய்விடும். இது ஒவ்வொரு துணுக்கையும் இரண்டு தடவை படித்தது. இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் அடுத்த துணுக்குக்குப் போனது. இல்லையென்றால் மறுபடி, மறுபடி. முடிந்தபிறகு, இதே டிஸ்க்கை உலகத்தில் வேறு யாராவது ஏற்றியிருந்தால் அவர்களுக்கு வந்ததோடும் இணையத்தில் ஒத்துப் பார்த்தது. எல்லாம் சரி என்றால் பச்சையில் ஒரு வரி வரும். கீறல் விழுந்த டிஸ்க் என்றால் டிரைவ் மூச்சு வாங்குவதுபோல நின்று நின்று சுற்றியது.

லோகநாயகி மேஜையின் மறு ஓரத்தில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பச்சை வரி வந்தபிறகும் அவன் டிஸ்க்கை மாற்றவில்லை. ஸ்பீக்கரைச் செருகி, ஏற்றிய பாட்டை முதலிலிருந்து போட்டான்.

"அதான் சரின்னு வந்துட்டே?"

"நாமளும் ஒருக்கா கேட்டுப் பாத்திரணும்லா?"

மத்தியானம்வரை நாலே டிஸ்க்தான் ஆனது. அவன் அலமாரியைப் பார்த்து மனசுக்குள் கணக்குப் போடுவது அவளுக்குத் தெரிந்தது. அவளும் போட்டாள். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும்.

ஆனாலும் வீட்டில் ரொம்ப நாளைக்குப் பிறகு பாட்டுக் கேட்டது. பக்கத்து வீட்டு வடிவம்மாள் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "என்ன டீச்சர், இன்னிக்கு விசேஷமா?" என்று கேட்டாள். லோகநாயகி ஒன்றுமில்லை என்றாள்.

மாசி, பங்குனி என்று ஞாயிறுகள் போயின. முதல் இரண்டு வாரம் அவன் மத்தியானச் சாப்பாட்டுக்குக் குற்றாலத்துக்குத் திரும்பிப் போனான். மூன்றாவது வாரம் டிரைவ் ஒரு டிஸ்க்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால் எழுந்து போக முடியவில்லை. அவள் ஒரு தட்டு வைத்தாள். அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. பேச்சும் கொஞ்சம் வந்தது. ஸ்வாதிக்குக் கோயம்புத்தூர்த் தண்ணீர் ஒத்துக்கொண்டது பற்றி, மில்லில் ஆள் குறைத்தது பற்றி, இந்தப் பாட்டு வாங்கியது செங்கோட்டைக் கடையிலா புனலூரிலா என்று. ஒரு வீணை டிஸ்க் ஓடும்போது இரண்டு பேரும் ஒரே இடத்தில் தலையசைத்தார்கள். அவள் அதைப் பார்த்தாள். அவன் பார்த்தானா என்று தெரியவில்லை.

தென்காசியில் இருக்கிற அக்கா யோகலட்சுமிதான் முதலில் சொன்னாள்.

"ஏட்டி, மாசம் மூணு ஆச்சு. பாட்டு ஏத்த இம்புட்டு நாளா? அவரு வேணும்னேதான் இழுக்காரு. உன் வீட்டுக்கு வர ஒரு சாக்கு வேண்டியிருக்கு அவருக்கு."

"சும்மா இரு அக்கா."

"நான் சும்மாத்தான் இருக்கேன். நீ உன் மனசைக் கேட்டுப் பாரு."

லோகநாயகி பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் எடுக்கிற ஜெபசிங்கிடம் கேட்டாள். அவன் யோசிக்கக்கூட இல்லை.

"ஒரு டிஸ்க்குக்கு அஞ்சு நிமிஷம் மேடம். வேற சாஃப்ட்வேர் இருக்கு, படபடன்னு முடிச்சுரலாம். அங்கங்க ஒரு சின்னச் சத்தம் விழும். காதுக்குத் தெரியாது."

வருகிற வழியெல்லாம் அவளுக்கு அதே நினைப்பு. அஞ்சு நிமிஷ வேலையை ஒருத்தன் அரை நாளாகச் செய்கிறான் என்றால் அக்கா சொல்வது சரிதானோ? அவளுக்கு எரிச்சலாகவும் இருந்தது, வேறு மாதிரியும் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை யாரும் கேட்காமலேயே, விருந்துக்கு வைக்கிற மாதிரித் தேங்காய்ப்பால் பிழிந்து சொதி வைத்தாள், இஞ்சித் துவையலும் அரைத்தாள். அரைத்து முடித்துக் கையைக் கழுவும்போதுதான் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று பட்டது.

சாப்பிடும்போது கேட்டுவிட்டாள்.

"அத்தான், நீங்க வேணும்னே இழுக்கீங்களா?"

"எதை?"

"இந்த ஏத்துற வேலையை. அஞ்சு நிமிஷத்துல ஏத்தலாமாம். இங்கன வந்து இருக்கதுக்கு ஒரு சாக்கா வச்சுக்கிட்டு..."

சண்முகநாதன் கையில் பிசைந்த சோற்றோடு அவளைப் பார்த்தான். நிஜமாகவே ஆச்சரியப்பட்டிருந்தான்.

"சாக்கா? எனக்கு என்னத்துக்கு சாக்கு? இதே சுத்தத்துல வெரசலா முடிக்க வழி இருந்தா நான் போன மாசமே முடிச்சிருப்பேனே, லோகா. வாரா வாரம் உனக்கும் தொந்தரவுதான. எனக்குத் தெரியாமயா இருக்கு?"

அவளைச் சங்கடப்படுத்த அவன் அதைச் சொல்லவில்லை. உள்ளது உள்ளபடி சொன்னான். லோகநாயகி எழுந்து அடுக்களைக்குள் போய், ஒன்றும் எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றாள். தான் வேறு பதிலை எதிர்பார்த்திருந்தோம் என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. அது தெரிந்ததில்தான் கோபம் வந்தது. திரும்பி வந்து சொன்னாள்.

"அடுத்த ஞாயிறு வர வேண்டாம். மிச்சத்தை நான் ஏத்திக்கிடுதேன்."

"உனக்குத் தெரியாதே."

"தெரிஞ்சுக்கிடுதேன்."

ஜெபசிங் ஒரு டிரைவ் வாங்கிக் கொடுத்து, அவளுடைய லேப்டாப்பில் வேகமான சாஃப்ட்வேரையும் போட்டுக் கொடுத்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்து லோகநாயகி உட்கார்ந்தாள். ஒரு டிஸ்க்கைப் போட்டுவிட்டுக் கீரை ஆய்ந்தாள். முடிந்ததும் தட்டு தானே வெளியே வந்தது. அடுத்ததைப் போட்டுவிட்டு ஸ்வாதியோடு போனில் பேசினாள். துடைக்கவில்லை, கேட்டுப் பார்க்கவில்லை. அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. பரீட்சை லீவு விட்ட பிறகு இன்னும் வேகம் வந்தது. சித்திரை முடிவதற்குள் அலமாரி பூராவும் ஏறிவிட்டது. ஒரு ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு அவனுக்குப் போன் பண்ணினாள்.

அவன் வந்து அவளுடைய லேப்டாப்பைத் திறந்து, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போட்டுக் கேட்டான். நாலாவது பாட்டிலோ ஐந்தாவதிலோ, நகத்தால் சுண்டியதுபோல ஒரு சத்தம் விழுந்தது. அவன் நிறுத்தினான். அந்த டிஸ்க்கை அலமாரியிலிருந்து உருவி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.

"இதை மட்டும் நான் ஒருக்கா..."

"வைங்க அங்கன."

"இல்ல லோகா, சின்னக் கீறல்தான். தொடச்சிட்டுப் போட்டா..."

"வைங்கன்னு சொல்லுதேன்ல!"

கல்யாணத்துக்குப் பிறகு அவள் அப்படிக் கத்தியதே இல்லை. அவளுக்கே குரல் புதிதாக இருந்தது.

"என் கையால ஆனதை ஒரே ஒரு தடவையாவது அப்படியே விட்டிருக்கீங்களா? பூட்டுனா இழுப்பீங்க. கூட்டுனா திரும்பக் கூட்டுவீங்க. நான் செஞ்சா அது செஞ்ச கணக்கிலயே வராதா? பாட்டுல ஒரு சத்தம் கேட்டா குடியா முழுகிப்போவும்? கேக்கட்டும். எனக்கு வர்ற பாட்டு அப்படித்தான் வரும்."

சண்முகநாதன் டிஸ்க்கை உறையில் போட்டு, இருந்த இடத்திலேயே வைத்தான். லேப்டாப்பை மூடினான். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக்கொள்ளலாமா என்று அவள் முகத்தைப் பார்த்தான். எடுத்துக்கொண்டு போனான். பைக் தெருத் திரும்பும்வரை லோகநாயகி வாசலுக்கு வரவில்லை.

வைகாசி முழுக்க அவனிடமிருந்து போன் இல்லை. ஆனியில் சாரல் விழ ஆரம்பித்தது. இலஞ்சியில் தென்னைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடின. அருவியில் தண்ணீர் வந்துவிட்டது என்று வண்டி வண்டியாக ஆள் போனார்கள். கோர்ட் தேதி ஆடியில் இருந்தது. குமரகுரு போன் பண்ணி, டிஸ்க்குகளை யார் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தாயிற்றா என்று கேட்டார். லோகநாயகி ஒரு சனிக்கிழமை குடையை எடுத்துக்கொண்டு ஐந்தருவி ரோட்டுக்குப் போனாள்.

அவள் அந்த வீட்டுக்குப் போய் ரொம்ப நாள் ஆகியிருந்தது. வாசலில் பலாப்பழக்காரன் கடை விரித்திருந்தான். உள்ளே எல்லாம் ஒழுங்காக இருந்தது. கொடியில் காயாத துணிகள் இடைவெளி விட்டுத் தொங்கின. சண்முகநாதன் பால் இல்லாமல் கட்டன்சாயா போட்டுக் கொடுத்தான். சீனி சரியாக இருந்தது. ஒருவன் தனியாக நன்றாகவே இருந்துகொள்கிறான் என்பது அவளுக்குத் தெரிந்தது. அது ஆறுதலாக இருந்ததா என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

மேஜையில் லேப்டாப் திறந்திருந்தது. அவளுடைய பிரதி முழுவதும் ஒரு தனி ஃபோல்டரில் இருந்தது. அதற்கு 'லோகா' என்று பெயர் வைத்திருந்தான்.

"திரும்ப ஏத்தலையா?" என்று கேட்டாள்.

"எதை வச்சு ஏத்த? டிஸ்க்கு உங்கிட்டல்லா இருக்கு."

"அது சரி. கேட்டிருந்தா குடுத்திருப்பேனே."

அவன் கொஞ்சம் தயங்கினான். "சத்தத்தை மட்டும் எடுத்துவிடுததுக்கும் ஒரு சாஃப்ட்வேர் இருக்கு. இறக்கியும் வச்சுட்டேன். ஆனா தொடல."

ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினான். பாதியில் அந்தச் சத்தம் விழுந்தது. காலை யாரோ மிதித்துவிட்ட மாதிரி அவன் முகம் ஒரு கணம் சுருங்கிப் பிறகு சரியானது. லோகநாயகிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவனும் சிரித்தான்.

"இந்த இடம் வரப்போவுதுன்னு தெரிஞ்சாலே கை அங்கன போவுது. எந்திரிச்சு ரோட்டுக்குப் போயிருவேன். தண்ணி எம்புட்டு விழுதுன்னு பாத்துட்டு, பாட்டு முடிஞ்ச பொறவு வருவேன்."

மழை வலுத்துத் தகரக் கூரையில் சத்தம் கூடியது. பலாப்பழக்காரன் தார்ப்பாயை இழுத்து மூடினான். சண்முகநாதன் டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டான்.

"இப்படித் தொடாம விடுததை அப்பமே செஞ்சிருந்தா? ஆரம்பத்திலயே?"

அவன் மனசாரக் கேட்கிறான், அதற்கு மனசாரத்தான் பதில் சொல்ல வேண்டும் என்று லோகநாயகிக்குத் தோன்றியது.

"செஞ்சிருப்பீங்க அத்தான். ஆனா இருபத்தஞ்சு வருசமும் ரோட்டுலயே நின்னுருப்பீங்க. நீங்க வெளிய நிக்கீங்களேன்னு எனக்கும் உள்ள இருப்புக் கொள்ளாது. அது என்ன வாழ்க்கை?"

அவன் அதை மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பதுபோல இருந்தான். பிறகு மெதுவாகத் தலையாட்டினான்.

"டிஸ்க்கு எங்கன இருக்கட்டும்?"

"இலஞ்சியிலயே இருக்கட்டும். இங்கன சாரல் ஈரத்துல பூஞ்சை புடிச்சிரும். எதாவது கேக்கணும்னா வந்து எடுத்துக்கிடுங்க."

"சரி" என்றான். அதை அவன் இன்னொரு தடவை யோசிக்கவில்லை.

ஆடி மாதம் கோர்ட்டில் அவர்கள் பெயரைக் கூப்பிட்டபோது, முன்னால் இருந்த வழக்கின் ஆட்கள் இன்னும் வெளியே போய் முடிக்கவில்லை. சேர்ந்து வாழ வாய்ப்பு இருக்கிறதா என்று நீதிபதி கேட்டார். இல்லை என்று முதலில் அவளும் பிறகு அவனும் சொன்னார்கள். யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று கேட்டார். அதற்கும் இல்லை. குமரகுரு ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அடுத்த வழக்குக்கு ஓடினார். லோகநாயகி கோர்ட் வராந்தாவில் நின்று அக்காவுக்குப் போன் பண்ணி, முடிந்துவிட்டது என்று சொன்னாள். அக்கா அழுதாள். அவளுக்கு அழுகை வரவில்லை.

மழையில் பைக் வேண்டாம் என்று சண்முகநாதன் பஸ்ஸில் வந்திருந்தான். அப்போது வந்த குற்றாலம் பஸ் இலஞ்சி வழியாகப் போவது. அடுத்த பஸ்ஸுக்கு நிற்கலாமா என்று இரண்டு பேருமே ஒரு கணம் நினைத்து, பிறகு அதே பஸ்ஸில் ஏறினார்கள். சீசன் கூட்டம். தலையில் இப்போதே எண்ணெய் தேய்த்துக்கொண்டு, தோளில் துண்டோடு வெளியூர் ஆட்கள் நெருக்கியடித்து நின்றார்கள். லோகநாயகிக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண்டக்டர் அவளுக்குப் பெண்களுக்கான இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான?" என்று அவனைக் கேட்டார்.

"இல்ல. எனக்கு ஐந்தருவி" என்றான் அவன்.

இலஞ்சி ஸ்டாப் வந்தது. அவள் எழுந்த இடத்தில் உட்காரச் சொல்லி அவனுக்குக் கை காட்டினாள். அவன் உட்காருவதற்குள் ஒரு கைக்குழந்தைக்காரி உட்கார்ந்துவிட்டாள்.

"வாரேன் அத்தான்."

"சரி. படி வழுக்கும், பாத்து."

அவள் அரை நாள்தான் லீவு போட்டிருந்தாள். குடையை விரித்துப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். மத்தியானம் முதல் பீரியடு பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு மைக்ராஸ்கோப்பில் வேரின் குறுக்குவெட்டைக் காட்ட வேண்டியிருந்தது. கரண்ட் போய்விட்டதால் ஜன்னல் பக்கம் மேஜையை நகர்த்தச் சொன்னாள். சாரல் உள்ளே அடித்தது. பிள்ளைகள் வரிசையில் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள்.